ஏஜ் 2 எடுப்பதா, ஏஜ் 4 எடுப்பதா? மட்டக்களப்பு ஆக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஏஜ் ஒவ் எம்பயர்ஸ் விளையாடுகிறவன் என்று தெரிந்தால் போதும். கல்லடியில் என்றாலும் கல்முனையில் என்றாலும் அடுத்த கேள்வி இதுதான்: பழைய ஏஜ் 2 நல்லதா, புதிய ஏஜ் 4 நல்லதா? மாமாங்கத் தீர்த்தத்துக்கு வீட்டுக்கு வருகிற மச்சான்மார் கேட்கிறார்கள். டியூசன் முடிந்து வரும் தம்பிமார் கேட்கிறார்கள். மகனுக்கு லேப்டொப் எடுத்துக் கொடுத்த தகப்பன்மாரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதி வைத்தால் எல்லாருக்கும் உதவும். இரண்டு விளையாட்டும் எனக்குப் பிடிக்கும். ஆனால் ஒன்றைக் கூடுதலாகப் பிடிக்கும், அதை மறைக்கப் போவதில்லை.

முதலில், இவை என்ன விளையாட்டுகள்? தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.

இரண்டுமே கொம்பியூட்டரில் ஆடுகிற வியூக விளையாட்டுகள். மேலிருந்து பார்க்கிற மாதிரி ஒரு நிலம். அதில் டவுன் சென்டர் என்ற ஊர் நடுக் கட்டடமும், வில்லேஜர்கள் என்ற வேலை செய்கிற ஆட்கள் சிலரும் இருப்பார்கள். அவர்களை விட்டு விறகு வெட்டி, ஆடு அறுத்து, தங்கமும் கல்லும் தோண்டி, ஊரைப் பெருப்பித்து, படை கட்டி எதிரியை வெல்ல வேண்டும். நான்கு காலகட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றாக ஏற ஏறப் பெரிய கட்டடங்களும் பெரிய ஆயுதங்களும் கைக்கு வரும்.

ஏஜ் 2 வெளிவந்தது 1999 இல். உருவாக்கியது என்சம்பிள் ஸ்டூடியோஸ், வெளியிட்டது மைக்ரோசொப்ட். 2000 இல் 'த கொன்கரர்ஸ்' என்ற விரிவாக்கம் வந்தது. நம்மில் பலர் கொப்பி சீடியில் விளையாடியது அதைத்தான். 2019 இல் படங்களை எல்லாம் புதிதாக வரைந்து டிபினிட்டிவ் எடிஷன் வெளியிட்டார்கள். இன்றைக்கு ஏஜ் 2 வாங்குவது என்றால் அதை வாங்குவதுதான். ஏஜ் 4 வந்தது 2021 அக்டோபர் 28 இல். என்சம்பிள் 2009 இலேயே மூடப்பட்டுவிட்டது, ஆகவே இதைச் செய்தவர்கள் கனடாவின் ரெலிக் என்டர்டெயின்மென்ட். பெயரில் தொடர்ச்சி இருந்தாலும் செய்த கைகள் வேறு.

சுருக்கமாகச் சொல்லுங்கள், எது நல்லது?

மச்சான்மார், நண்பர்கள் என்று நாலு பேராகச் சேர்ந்து விளையாடுவீர்கள் என்றால் ஏஜ் 2. இந்த வகை விளையாட்டையே இதுவரை தொட்டதில்லை, தனியாகக் கதை பார்த்து விளையாட விருப்பம் என்றால் ஏஜ் 4. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது, எப்படி விளையாடுவேன் என்று இன்னும் தெரியாது என்றால் ஏஜ் 2 ஐ எடுங்கள். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

ஏஜ் 4 என்பது படம் திருத்திய ஏஜ் 2 தானே?

இல்லை. முதல் பத்து நிமிடம் அப்படித்தான் தெரியும். ஆடு, வேட்டை, விறகு, தங்கம், கல் எல்லாம் அதே இடத்தில் இருக்கும். மறுகா விளையாட விளையாடத்தான் வித்தியாசம் தெரிய வரும்.

ஏஜ் 2 இல் எல்லா நாடுகளுக்கும் அடிப்படை ஒன்று. பிரிட்டன்ஸ் எடுத்தாலும் மங்கோல்ஸ் எடுத்தாலும் பரக்ஸ் கட்டினால் மிலிஷியா வரும், ஆர்ச்சரி ரேஞ்ச் கட்டினால் வில்லாளி வருவான். ஒரு நாட்டுக்குச் சில தொழில்நுட்பம் இருக்காது, இன்னொன்றுக்குச் சில சலுகை கூட இருக்கும். அதற்கு மேல் அந்த நாட்டுக்கே உரிய ஒரு தனிப்படை. 1999 இல் 13 நாடுகள், 2000 இல் 18, இன்றைக்கு 40 க்கும் மேல். ஆனாலும் ஒன்றை ஒழுங்காகப் படித்தவன் மற்றதையும் விளையாடலாம்.

ஏஜ் 4 வெறும் 8 நாடுகளோடுதான் வந்தது. ஆனால் அந்த எட்டும் எட்டு விதம். மங்கோலியர்களுக்கு வீடு கட்டும் வேலையே இல்லை. கட்டடங்களைப் பெயர்த்து வண்டியில் ஏற்றி வேறு இடத்துக்குக் கொண்டு போவார்கள். டில்லி சுல்தானகத்துக்கு ஆராய்ச்சி இலவசம், ஆனால் நேரம் கூட எடுக்கும். பள்ளிவாசலில் அறிஞர்களை இருத்தினால் அது வேகப்படும். ரஷ்யர்கள் வேட்டையாடினாலே தங்கம் சேரும். காலகட்டம் ஏறுவதற்குக் கூடப் பெரும்பாலான நாடுகள் இரண்டு பெரிய நினைவுக் கட்டடங்களில் ஒன்றைத் தேர்ந்து கட்ட வேண்டும். எதைத் தேர்கிறீர்களோ அதன்படி ஆட்டம் வேறு பக்கம் போகும். அப்பாசியர்கள் அதையும் செய்வதில்லை, அவர்களுக்கு ஒரே ஓர் அறிவு மாளிகை, அதைப் பெருப்பித்துக்கொண்டே போவார்கள்.

ரெலிக் இதைத் துணிந்து செய்தது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆனால் நாலு பேர் சேர்ந்து விளையாடும்போது இதுவே கஷ்டமாகிறது. ஏஜ் 2 இல் மச்சான் ஒருவன் ஐந்தாறு வருடம் கழித்து வந்து இருந்தாலும் எதிரே வருவது நைட் என்ற கவசக் குதிரைவீரன், அதற்கு ஈட்டிக்காரன் வேண்டும் என்று பார்த்த உடனே சொல்வான். ஏஜ் 4 இல் எதிரி எந்த நாடு, என்ன நினைவுக் கட்டடம் கட்டினான், அதனால் இனி என்ன வரும் என்று தெரியாவிட்டால் தோற்றது ஏன் என்றே புரியாது. இடைக்கிடை மட்டும் விளையாடுகிறவனுக்கு அது சோர்வு தரும்.

நான் சின்ன வயதில் விளையாடின ஏஜ் 2 க்குக் கிட்டவும் எதுவும் வராது. சரிதானே?

இந்தக் கேள்விக்குத்தான் ஆற அமரப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் ஏஜ் 4 ஐக் குறைசொல்கிற பலர் அதை எதோடு ஒப்பிடுகிறார்கள் என்று யோசிப்பதில்லை.

1999 சீடியை இன்றைக்குப் போட்டு விளையாடிப் பாருங்கள். வயல் காய்ந்தால் நீங்களே ஒவ்வொன்றாகப் போய்த் திரும்பப் போட வேண்டும். வில்லேஜர் விறகுக் கொட்டில் கட்டி முடித்துவிட்டுப் பேசாமல் நிற்பான், மரத்தைக் காட்டினால்தான் வெட்டுவான். கட்டி முடித்ததும் தானே பக்கத்து வேலையைத் தொடங்குவதும், மில்லில் வயலுக்கு முன்கூட்டியே காசு கட்டி வரிசை வைப்பதும் 2000 இல் கொன்கரர்ஸோடுதான் வந்தன. வயல் முடிந்ததும் தானாகத் திரும்ப விதைக்கிற வசதிக்கு 2019 வரை இருக்க வேண்டியிருந்தது. நிலத்தை வேவு பார்க்கிற ஸ்கவுட்டைத் தானாகச் சுற்றிப் பார்க்க விடுவதும் அப்படித்தான் வந்தது.

நடுவில் இன்னொரு கதையும் உண்டு. என்சம்பிள் மூடிய பிறகு இந்த விளையாட்டு செத்துப் போயிருக்க வேண்டியது. ரசிகர்கள் சிலர் தாங்களாகவே புது நாடுகள் சேர்த்து ஒரு மொட், அதாவது ரசிகர்களே மாற்றிய பதிப்பு, செய்தார்கள். 2013 இல் எச்டி பதிப்பு வந்தது, அதே வருடம் அந்த ரசிகர்களின் வேலை 'த பொகொட்டன்' என்று அதிகாரபூர்வ விரிவாக்கமாகவே வெளிவந்தது. அந்தக் குழுதான் பிறகு டிபினிட்டிவ் எடிஷனையும் செய்தது. இன்றைக்கு நாம் 'பழைய ஏஜ் 2' என்று கொண்டாடுவது இருபது வருடத்துக்கு மேல் பலர் சேர்ந்து திருத்தித் திருத்தி ஆக்கிய ஒரு புது விளையாட்டு. எந்தக் குதிரை பலம் கூடிப்போச்சு, எந்த வில் குறைஞ்சுபோச்சு என்று ஆயிரக்கணக்கான ஆட்டங்களைப் பார்த்துச் சரிசெய்திருக்கிறார்கள். அதைக் கொண்டுவந்து 2021 இல் அப்போதுதான் பிறந்த ஏஜ் 4 க்குப் பக்கத்தில் வைத்தால் ஏஜ் 4 சிறுத்துத்தான் தெரியும். 1999 இன் ஏஜ் 2 ஐ 2021 இன் ஏஜ் 4 இற்குப் பக்கத்தில் வையுங்கள். ஏஜ் 4 எளிதாக வெல்லும் என்பது என் கருத்து.

அப்படியென்றால் ஏஜ் 4 வந்தபோது ஏன் அவ்வளவு ஏச்சு வாங்கியது?

ஏச்சில் பாதி நியாயம். காமராவைப் போதிய அளவு தூரம் பின்னுக்கு எடுக்க முடியவில்லை, கிட்டத்தில் நின்றுதான் பார்க்க வேண்டியிருந்தது. தன் படைக்கு விரும்பின நிறத்தைத் தெரிவுசெய்ய முடியவில்லை. படையை இரண்டு இடத்துக்கு நடுவில் ரோந்து விடுகிற கட்டளை கூட இருக்கவில்லை, அது 1999 இலேயே இருந்த சங்கதி. இவையெல்லாம் பிறகு அப்டேட்களில் வந்தன. 2022 அக்டோபரில் ஒட்டோமன், மாலி என்று இரண்டு நாடுகளை இலவசமாகவே கொடுத்தார்கள். 2023 நவம்பரில் 'த சுல்தான்ஸ் அசெண்ட்' விரிவாக்கம் வந்த பிறகு விளையாட்டு நிறைந்துவிட்டது. வந்த புதிதில் விளையாடி வெறுத்து அழித்தவர்கள் இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

மற்றப் பாதி ஏச்சு நிறத்தைப் பற்றியது. கார்ட்டூன் மாதிரி இருக்கிறது, கைப்பேசி விளையாட்டு மாதிரி இருக்கிறது என்றார்கள். இதில் எனக்கு உடன்பாடில்லை. சண்டை நெருக்கத்தில் எது ஈட்டிக்காரன், எது வில்லாளி என்று பிரித்துப் பார்க்க அந்தத் துலக்கமான நிறம்தான் உதவுகிறது.

சண்டை பிடிக்கையில் எது நன்றாக இருக்கும்?

அம்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஏஜ் 2 இல் அம்பு நிலத்தில் ஓர் இடத்தைக் குறிவைத்துப் பறக்கிறது. ஓடுகிறவனையும் குறிதவறாமல் அடிக்க வைக்கிற பலிஸ்டிக்ஸ் ஆராய்ச்சியை எதிரி செய்யாவிட்டால், நீங்கள் விலகினால் அம்பு வெறும் மண்ணில் குத்தும். மேங்கனல் என்ற கல்லெறி பொறி கல் தூக்கி எறிகிற அந்தக் கணத்தில் உங்கள் முப்பது வில்லாளிகளையும் இரண்டாகப் பிரித்து இரண்டு பக்கமும் ஓட்டினால் கல் நடுவில் விழும், ஒருவனும் சாகமாட்டான். அரை நொடி பிந்தினால் முப்பது பேரும் காலி. அந்தக் கல் காற்றில் இருக்கும் நேரத்தில் அறையில் ஒருவரும் மூச்சு விடுவதில்லை. விழுந்ததும் கத்துகிற கத்தில் பக்கத்து வீட்டு விளக்கு எரியும்.

ஏஜ் 4 இல் அம்பு விட்டால் பட்டதுதான், ஓடித் தப்ப முடியாது. கை வேகத்தை விட எந்தப் படையை எதற்கு எதிராக, எந்த இடத்தில் நிறுத்துகிறோம் என்பதுதான் அங்கே முக்கியம். கை வேகம் குறைந்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

கோட்டைச் சண்டை என்று வந்தால் ஏஜ் 4 பக்கத்தில் ஏஜ் 2 நிற்காது. ஏஜ் 4 இல் கல் மதிலுக்கு மேலே ஏறி நிற்கலாம். மேலே வில்லாளிகளை நிறுத்தினால் கீழே வருபவன் பாடு பாவம். வாளை வைத்துக் கல் மதிலைக் கொத்தி உடைக்க முடியாது, இடிக்கும் கருவி வேண்டும். அந்தக் கருவியைக் காலாட்படையே களத்தில் நின்று கட்டலாம். காட்டுக்குள் படையை மறைத்து வைத்து, எதிரி கடந்து போகையில் பாயலாம். ஏஜ் 2 இல் மதில் என்பது வழியை அடைக்கிற ஒரு கோடு மட்டும். முற்றுகையை விரும்புகிறவர்கள் யோசிக்காமல் ஏஜ் 4 எடுக்கலாம்.

ஊர் கட்டுவது, வயல், வேட்டை எல்லாம்?

ஏஜ் 2 மூன்று வில்லேஜர்களோடு தொடங்கும், ஏஜ் 4 ஆறு பேரோடு. ஏஜ் 2 இல் ஒரு வில்லேஜர் பிறக்க 25 நொடி, ஏஜ் 4 இல் 20. வீடு ஏஜ் 2 இல் 25 விறகுக்கு ஐந்து பேர், ஏஜ் 4 இல் 50 விறகுக்குப் பத்துப் பேர். அதாவது ஏஜ் 4 சில்லறை வேலையைக் குறைத்து ஆட்டத்தை முன்னுக்குத் தள்ளுகிறது.

வயலில்தான் இரண்டின் குணமும் தெரியும். ஏஜ் 2 இல் 60 விறகு கொடுத்துப் போட்ட வயல், குறிப்பிட்ட அளவு சாப்பாடு தந்ததும் காய்ந்துவிடும். திரும்ப 60 விறகு. அதனால் சாப்பாட்டுக்கும் விறகுக்கும் எப்போதும் ஒரு இழுபறி. சம்மாந்துறைப் பக்கம் வயல் செய்கிற குடும்பத்துப் பொடியன் ஒருவன் எங்களோடு விளையாடுவான். வயல் காய்கிற சத்தம் கேட்டால் 'போகம் முடிஞ்சுது' என்பான், உடனே எல்லாரும் தங்கள் தங்கள் விறகைப் பார்ப்போம். ஏஜ் 4 இல் வயல் 75 விறகு, ஆனால் ஒருதரம் போட்டால் கடைசி வரை விளையும். வசதிதான். ஆனால் அந்த விறகுக் கணக்கு இல்லாமல் நடு ஆட்டம் எனக்குக் கொஞ்சம் சப்பென்று இருக்கிறது.

காட்டுப்பன்றியும் அப்படித்தான். ஏஜ் 2 இல் ஒரு வில்லேஜரைக் கொண்டுபோய்ப் பன்றிக்கு ஓர் அம்பு விட்டு, அது துரத்த, டவுன் சென்டர் வரைக்கும் ஓட்டி வந்து, அங்கே ஆடு அறுத்துக்கொண்டிருப்பவர்களை எழுப்பி எல்லாருமாக அடிக்க வேண்டும். 340 சாப்பாடு வீட்டு வாசலுக்கே வந்து சேரும். இரண்டு அம்பு விட்டுவிட்டு யோசித்துக்கொண்டு நின்றால் வில்லேஜர் போய்விடுவான். புதிதாகப் பழகுகிற ஒவ்வொருவரும் பன்றியிடம் ஆள் கொடுத்துத்தான் பழகுகிறார்கள். பழகிய பிறகு அதைப்போல ருசியான தொடக்கம் வேறெந்த விளையாட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

ஏஜ் 2 இல் தமிழ் பேசுகிறார்களாமே, உண்மையா?

உண்மை. 2022 ஏப்ரலில் 'டைனஸ்டீஸ் ஒவ் இந்தியா' என்ற விரிவாக்கம் வந்தது. அதில் திராவிடர், வங்காளிகள், கூர்ஜரர் என்று மூன்று புது நாடுகள். திராவிடர் நாட்டை எடுத்து வில்லேஜரைக் கிளிக் செய்தால் தமிழில் பதில் வரும். விறகு வெட்டப் போகச் சொன்னாலும், அடிக்கப் போகச் சொன்னாலும் தமிழ்தான். வருடக்கணக்காக இங்கிலீசும் பிரெஞ்சும் மங்கோலிய மொழியும் கேட்டு விளையாடிய நமக்கு முதல் தடவை அது கேட்கும்போது என்ன செய்யும் என்று எழுத்தில் சொல்ல முடியாது. காத்தான்குடி நண்பன் ஒருவன் வேலையே கொடுக்காமல் வில்லேஜரை மட்டும் கிளிக் செய்துகொண்டிருந்தான்.

விளையாடவும் நல்ல நாடு. காலாட்படையும் கடலும் பலம். ஒவ்வொரு காலகட்டம் ஏறும்போதும் 200 விறகு கையில் கிடைக்கும். மீன்பிடிப் படகு 15 கூடுதலாகச் சுமக்கும், ஆகவே வாவிக்கரைக்காரருக்குப் பொருத்தம். சுருள்வாள் வீசும் உருமி வீரனும் திரிசடை என்ற பெருங்கப்பலும் தனிப்படைகள். நைட் கிடையாது, குதிரைப்படையை நம்பி விளையாடுகிறவர்களுக்குக் கை ஒடிந்த மாதிரி இருக்கும்.

கூடவே ராஜேந்திர சோழனின் கதையை விளையாடுகிற ஒரு கெம்பெயினும் உண்டு. மட்டக்களப்பிலிருந்து கொழும்பு போகிற ரயில் பொலன்னறுவையில் நிற்கும். அந்தப் பொலன்னறுவைதான் பதினோராம் நூற்றாண்டில் சோழர் இலங்கையை ஆண்ட தலைநகரம், ஜனநாதமங்கலம் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர்கள் காலத்துச் சிவன் கோவில், வானவன்மாதேவி ஈச்சரம், இன்றைக்கும் அங்கே கல்லாக நிற்கிறது. போய்ப் பார்த்துவிட்டு அந்தக் கெம்பெயினை விளையாடுங்கள், இரண்டும் கூடுதலாகப் புரியும்.

ஏஜ் 4 இல் இந்தியப் பக்கம் டில்லிதான் இருக்கிறது, தெற்கு இல்லை. ஆனால் மொழி விஷயத்தில் ஏஜ் 4 இன்னொரு அழகான வேலை செய்திருக்கிறது. காலகட்டம் ஏற ஏற ஆட்கள் பேசும் மொழியும் மாறும். இங்கிலீஸ்காரர் தொடக்கத்தில் பேசுவது இன்றைய இங்கிலீஸ் தெரிந்தவருக்கே விளங்காது, போகப் போகத்தான் பழகிய மாதிரி வரும். இசையும் அதோடு சேர்ந்து வளரும். இப்படி உழைத்தவர்கள் தமிழுக்கும் ஒருநாள் செய்தால் எப்படி இருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன்.

கதை விளையாட்டு, அதாவது கெம்பெயின், எதில் நல்லது?

எண்ணிக்கையில் ஏஜ் 2 ஐ எட்டவே முடியாது. வில்லியம் வாலஸ், ஜோன் ஒவ் ஆர்க், சலாஹுத்தீன், செங்கிஸ்கான், பார்பரோசா என்று 1999 இலேயே ஐந்து. பிறகு வந்தவற்றைச் சேர்த்தால் ஒரு வருட லீவுக்குக் காணும்.

தரத்தில் நான் ஏஜ் 4 பக்கம். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் இன்றைய ஊர்களையும் கோட்டைகளையும் கமராவில் எடுத்து, அதன்மேல் பொன் நிறத்தில் அன்றைய படைகளை வரைந்து காட்டுகிற ஆவணப்படத் துண்டுகள் வரும். மதில் எப்படிக் கட்டினார்கள், வில் எப்படிச் செய்தார்கள் என்று செய்தே காட்டுகிற துண்டுகளும் உண்டு. வரலாறு படிக்கிற ஏஎல் பிள்ளைகளுக்குத் தனியே அதைப் போட்டுக் காட்டலாம். சுல்தான்ஸ் அசெண்ட் விரிவாக்கத்தில் சிலுவைப் போர்களை முஸ்லிம் படைகளின் பக்கமிருந்து விளையாடலாம். ஏறாவூரிலும் கல்முனையிலும் உள்ள என் நண்பர்கள் ஏஜ் 4 ஐ விரும்புவதற்கு முதல் காரணம் அந்தக் கெம்பெயின்தான்.

என் லேப்டொப் தாங்குமா?

ஏஜ் 2 டிபினிட்டிவ் எடிஷனுக்கு ஆகக் குறைந்தது 4 ஜிபி ரேம், 30 ஜிபி இடம். ஏஜ் 4 க்கு 8 ஜிபி ரேம், 50 ஜிபி இடம். சாதாரண ஒப்பீஸ் லேப்டொப்பில் ஏஜ் 2 ஓடும், ஆனால் எட்டுப் பேர் ஆட்டத்தின் கடைசியில் இழுக்கும். ஏஜ் 2 க்கு நல்ல படங்களுக்கான பெரிய கிராபிக்ஸ் பொதி ஒன்று தனியாக இறக்க இருக்கிறது, அது கட்டாயம் இல்லை, விட்டுவிடுங்கள். ஏஜ் 4 ஐக் குறைந்த அமைப்பில் போட்டுத் தனி கிராபிக்ஸ் காட் இல்லாமலும் விளையாடலாம், ஆனால் அதன் அழகு போய்விடும். சித்திரை வெயிலில் நம் ஊர் அறைகளில் லேப்டொப் கொதிக்கும். அடியில் எதையாவது கொடுத்து உயர்த்தி, மின்விசிறியைப் பக்கத்தில் வையுங்கள்.

இறக்குவதற்கு இரவு டேட்டாவைப் பாவியுங்கள். பகல் டேட்டாவில் 50 ஜிபி இறக்கினால் வீட்டில் மற்றவர்களுக்கு மாத முடிவு வரை ஒன்றும் மிஞ்சாது.

இன்டர்நெட் இல்லாமல் நாலு பேர் சேர்ந்து விளையாடலாமா?

பழைய சீடி ஏஜ் 2 இல் முடிந்தது. நாலு கொம்பியூட்டரை வயரால் இணைத்தால் சரி. ஏஜ் 4 இல் ஒரே அறையில் இருந்தாலும் இன்டர்நெட் வேண்டும். டிபினிட்டிவ் எடிஷனும் சேர்ந்து விளையாடுவதற்குக் கணக்கில் உள்நுழையச் சொல்லும். தனியாகக் கொம்பியூட்டரோடு விளையாட இரண்டும் ஓகே. இந்த ஒரு விஷயத்தில் பழையதுதான் நமக்கு ஏற்றது, கரண்டும் லைனும் நினைத்தபோது போகிற ஊர்களில் இருந்த அருமையான வசதி அது.

கார் வருகிற சீட் கோட் இன்னும் இருக்கிறதா?

சீட் கோட் என்பது விளையாட்டில் குறுக்கு வழியாகச் சலுகை எடுக்க அடிக்கிற இரகசியச் சொல். ஏஜ் 2 இல் இருக்கிறது. 'ஹவ் டு யூ டேர்ன் திஸ் ஒன்' என்று அடித்தால் சுடுகிற கார் வரும். நண்பர்களோடு ஒன்லைனில் விளையாடும்போது, ஆட்டம் தொடங்க முன் எல்லாரும் சம்மதித்துச் சீட்டைத் திறந்துவிட்டால் மட்டும் வேலை செய்யும்.

இவ்வளவு யுத்தம் பார்த்த ஊரில் பிள்ளைகளுக்குச் சண்டை விளையாட்டு எதற்கு?

இதை என்னிடம் கேட்டது என் சின்னம்மா. 'ஏன் மனே, பட்டது காணாதா, இன்னும் சண்டைதானா விளையாடுறீங்க' என்றார். இந்தக் கேள்வியை லேசாகத் தட்டிவிடக் கூடாது. கிழக்கில் எந்த வீட்டிலும் இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கும்.

நான் சொன்னது இதுதான். இரண்டு விளையாட்டிலும் ஆட்கள் விரலளவு உருவங்கள், இரத்தம் பெரிதாகக் காட்டுவதில்லை. ஆட்டத்தில் பெரும்பங்கு நேரம் ஊர் கட்டுவதில் போகிறது. அதற்காக ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏஜ் 4 இல் படைவீரர்கள் தீப்பந்தம் எறிந்து வீடுகளை எரிப்பார்கள், வீடு எரிவது உண்மை போலவே இருக்கும். அதைப் பார்க்க விரும்பாதவர் வீட்டில் இருந்தால் அந்த விளையாட்டைக் கூடத்துத் திரையில் போட வேண்டாம். ஏஜ் 2 இல் எரிவது தூரத்துப் படம் போலத் தெரியும், அவ்வளவு உறுத்தாது.

சின்னப் பிள்ளைகளுக்கு ஏஜ் 2 இல் வொண்டர் ரேஸ் என்று ஒரு வகை ஆட்டம் உண்டு. யாரும் யாரையும் தாக்க முடியாது, வொண்டர் என்ற பெரிய அதிசயக் கட்டடத்தை முதலில் கட்டி முடிக்கிறவருக்கு வெற்றி. குறிப்பிட்ட நேரம் வரை சண்டையே கூடாது என்று ட்ரீட்டி வைத்தும் ஆடலாம். சின்னம்மாவின் பேத்தி வொண்டர் ரேஸ் மட்டும்தான் விளையாடுவாள், எங்களில் பாதிப் பேரை விட வேகமாகக் கட்டுவாள்.

ஏஜ் 3 ஐப் பற்றி ஏன் பேசவில்லை?

2005 இல் வந்தது, அமெரிக்கக் குடியேற்றக் காலக் கதை, தாய்நாட்டிலிருந்து கார்ட் மூலம் உதவி எடுக்கிற முறை. எனக்கு அது ஒட்டவில்லை. விரும்புகிறவர்கள் உண்டு, அவர்களிடம் கேளுங்கள்.

ஏஜ் 2 இல் ஊறியவன் ஏஜ் 4 க்குப் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

அவசரப்பட்டு நாடு மாற்ற வேண்டாம். இங்கிலீஸ் அல்லது பிரெஞ்சு, ஒன்றை எடுத்து அதிலேயே நில்லுங்கள். இங்கிலீஸ்காரருக்கு இரண்டாம் காலகட்டத்திலேயே நீளவில் கிடைக்கும், பிரெஞ்சுக்காரருக்கு அதே கட்டத்தில் ரோயல் நைட். இரண்டும் ஏஜ் 2 கைக்குப் பழகினவை.

இரண்டாம் காலகட்டத்துக்கு ஏற 400 சாப்பாடும் 200 தங்கமும் வேண்டும். ஏஜ் 2 இல் தங்கமே தேவைப்படாது, 500 சாப்பாடு போதும். அதனால் ஏஜ் 2 ஆக்கள் தங்கத்துக்கு ஆள் அனுப்ப மறந்து பிந்திப் போவார்கள். தொடக்கத்திலேயே இரண்டு மூன்று பேரைத் தங்கத்தில் போடுங்கள். நினைவுக் கட்டடத்தை வில்லேஜர்களே கட்ட வேண்டும், ஒருவனை விட்டால் நேரம் இழுபடும், நாலைந்து பேரை விடுங்கள். எதிரியின் நினைவுக் கட்டடங்கள் எல்லாவற்றையும் இடித்தாலே வெற்றிதான், கடைசி வில்லேஜரைத் தேடிக் காடு காடாக அலைய வேண்டியதில்லை. உங்களுடையவற்றுக்கும் அதே கதி, ஆகவே அவற்றை ஊரின் ஓரத்தில் கட்டாதீர்கள். வரைபடத்தில் புனிதத் தலங்கள் இருக்கும், மூன்றாம் காலகட்டத்தில் மதகுருவை அனுப்பிப் பிடித்தால் தங்கம் சொட்டிக்கொண்டே இருக்கும். எல்லாத் தலங்களையும் ஒருவனே பிடித்து வைத்திருந்தால் மணி ஓடத் தொடங்கும், ஓடி முடிந்தால் அவன் வென்றுவிடுவான். அந்த அறிவிப்பு வந்தால் செய்துகொண்டிருக்கிற எதையும் விட்டுவிட்டு முதலில் அங்கே போங்கள்.